மஞ்சள் பொடிக்குப் பெயர் கேட்கிறார்கள்

குத்தாயிசியிலிருந்து பாரி நகருக்கு
மூன்று இரவு, நான்கு பகல்.
என் வேனில் ஆட்களைவிட மூட்டைகள் அதிகம்.
பாலாடைக்கட்டி, அக்ரூட்,
யாரோ யாருக்கோ பின்னிய காலுறை,
பதினேழாம் எண் ஒட்டிய ஜாடி.

ஜாடியை ஏற்றியவன் அவ்தந்தில்.
இறக்கவேண்டிய இடம் இத்தாலியில் மூன்றாம் மாடி.
எழுந்து நடக்கமுடியாத நோட்டரி ஒருவரைக்
குளிப்பாட்டி, உடுத்தி, திட்டு வாங்கி
அங்கே ஆறு வருடமாக இருக்கிறாள் லமாரா,
அவன் மனைவி.

கிரேக்க எல்லையில் இரவு மூன்று மணிக்கு
மூடியைத் திறந்தார் அதிகாரி.
என்ன இது?
குங்குமப்பூ, என்றேன்.
வாய்தவறி வந்த வினை.
குங்குமப்பூ கிலோ என்ன விலை என்று
தெரிந்தவர் அவர்.
இரண்டு பேரைக் கூப்பிட்டார்,
அப்புறம் ஒரு நாயை.

ஐயா, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.
இமெரேத்திக் குங்குமப்பூ.
அசலை வாங்க வக்கில்லாதவர்கள்
வேலியோரப் பூவுக்குச் சூட்டிய பட்டம்.
இது செண்டுமல்லி.
தக்காளிப் பாத்தியைச் சுற்றி நிற்குமே,
வேர்ப்புழுவை அண்டவிடாமல்,
கசக்கினால் விரலைவிட்டுப் போகாத நெடியோடு,
அதுதான்.

பூவைத் தின்பீர்களா?

தின்போம்.
இதழை நிழலில் உலர்த்தி, இடித்து,
அக்ரூட் விழுதில் பூண்டோடு கொத்தமல்லி விதையோடு
ஒரு சிட்டிகை போட்டால்
குளிர்ந்த கோழிக்கறியின் மேல்
வெயில் அடிக்கும்.
கைகளால் ஆட்டி, அரைத்து, ஊற்றிக் காட்டினேன்.
நாய் உட்கார்ந்துவிட்டது.
அதிகாரி விரல்நுனியில் தொட்டு நக்கினார்.
தும்மினார்.
போ என்றார்.

கப்பலில் ஒரு பயணி, படித்த பெண்,
ஜாடியைப் பார்த்துச் சொன்னாள்:
பூக்களின் பாஷையில்
இதற்குத் துக்கம் என்று பொருள்.
பொறாமை என்றும் சொல்வார்கள்.
இருக்கலாம்.
பாஷை வைத்தவர்கள்
பாத்தியில் குந்தியிருக்க மாட்டார்கள்.

நான் பார்த்தது வேறு.
முதல் வருடம் அவ்தந்தில் பூவைப் பறிக்கவேயில்லை.
அவள் விதைத்துவிட்டுப் போனதாம்,
கை வைக்க மனம் வரவில்லையாம்.
பூத்தது அப்படியே முற்றி,
செடி தன் வேலை முடிந்ததென்று நின்றுவிட்டது.
வேலியில் சாத்திவைத்த போனில் அவள் கத்தினாள்:
பறிக்கப் பறிக்கத்தானடா பூக்கும், மடையா!
பக்கத்து வீட்டு வான்கோழிகள் வரை கேட்டது.

ஒரு வருடச் செடி.
ஏப்ரலில் போட்டால் ஐந்தாம் நாள் முளை,
அக்டோபர் கடைசியில் ஒரே உறைபனி,
விடிந்தால் கறுத்த கந்தல்.
அவள் ஒப்பந்தமும் ஒரு வருடம்தான்.
நவம்பரில் முடியும்,
நவம்பரிலேயே புதுப்பிப்பார்கள்.
இரண்டையும் நான் ஒப்பிட்டதில்லை.
அவ்தந்திலும் ஒப்பிட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஆனால் நவம்பரில் அவன் குடிப்பது கூடும்.

பாரியில் மழை.
மாடிப்படியிலேயே ஜாடியைத் திறந்தாள் லமாரா.
முகர்ந்தாள்.
இந்த வருடமும் பச்சைக் காம்பைக் கிள்ளாமல்
சேர்த்து இடித்திருக்கிறான், கசக்கும்,
என்றாள்.
மூடியைத் திருகி மூட
அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

திரும்பும்போது
கழுவிய பழைய ஜாடி ஒன்றைத் தந்தாள்.
உள்ளே,
ஒரு முனை கருகிய தீக்குச்சிபோல் விதைகள்.
பால்கனியில் ஆலிவ் எண்ணெய் டின்னில் வளர்த்தது.
கடல் உப்புக் காற்றில் குட்டையாய் வந்ததாம்,
என்றாலும் பூத்ததாம்.
அவனிடம் சொல்லு,
இதைத் தனிப் பாத்தியில் போடட்டும்.

எல்லையில் அதே அதிகாரி இல்லை. வேறொருவர்.
என்ன இது?
இம்முறை தெளிவாகச் சொன்னேன்:
செண்டுமல்லி.
மூக்கை ஜாடிக்குள் விட்டுப் பார்த்துவிட்டு
வாசனையே இல்லையே என்றார்.
நான் பதில் யோசிப்பதற்குள்
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.